கட்டு 63, ஏடு 17, பின்பக்கம்

ஏட்டுக்கு இரண்டு ரூபாய் நாற்பது காசு.
முன்பக்கம் பின்பக்கம் சேர்த்து.
பூச்சி தின்று பல்சக்கரமாய்ப் போன ஏட்டுக்கும்
அதே இரண்டு நாற்பதுதான்.

கோனாபட்டில்
பெரிய வீடொன்றின் இரண்டாங்கட்டில் அந்த நூலகம்.
பளபளப்பு படத்தில் விழக்கூடாதென்று
முட்டைவெள்ளைச் சுவருக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டினோம்.
மின்விசிறி போடக்கூடாது, ஏடு பறக்கும்.
புரட்டாசிப் புழுக்கத்தில் புல்தைலம் தலைக்கேறி
மூன்று மாதம்
மீன்குழம்பும் எனக்குப் புல்தைலமாகவே மணந்தது.

வாசிக்கத் தெரிந்தவர்களை இந்த வேலைக்கு எடுப்பதில்லை,
வாசித்துக்கொண்டு நின்றுவிடுவார்கள்
என்றார் தரச் சோதனை வைரவன்.
எனக்கு வாசிக்கத் தெரியாது. அதனால் எடுத்தார்கள்.
நாலாயிரம் ஏடு தாண்டியபோது தானாகப் பிடிபட்டது:
மெய்க்குப் புள்ளி கிடையாது.
காலும் ரகரமும் ஒன்று.
குறிலா நெடிலா என்பது
வாசிப்பவன் மூச்சைப் பொறுத்தது.

அறுபத்து மூன்றாம் கட்டு
கயிறு அவிழ்க்கும்போதே உதிர்ந்தது.
எழுநூறு வருஷத்துப் பாட்டு, பிரதியும் பழையது
என்று அட்டையில் பென்சிலால் யாரோ எழுதி
பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருந்தார்கள்.
பதினேழாம் ஏட்டைத் திருப்பினேன்.
ஓரம் எழும்பியது.
பெருவிரலால் லேசாக அழுத்தினேன்,
கேமரா அந்த நேரம் பார்த்துக் கண் சிமிட்டியது.
கையை எடுத்தேன்.
ஏடும் கையோடு வந்தது.

"நகம் விழுந்திருக்கு. திரும்ப எடுங்க."
எதைத் திரும்ப எடுக்க?
மேசையில் பதினொரு துண்டும் கொஞ்சம் தூளும்.
வைரவன் குனிந்து பார்த்தார், மூச்சை அடக்கிக்கொண்டு.
"கைநாட்டு வச்சிட்டீங்க, செபஸ்தியம்மா" என்றார்.
சிரிக்கவில்லை.
அந்த மாதச் சம்பளத்தில்
இரண்டு ரூபாய் நாற்பது காசு குறைந்திருந்தது.

படங்கள் எல்லாம் உலகத்துக்குத் திறந்துவிட்ட பிறகு
மாசியில் ஒரு கடிதம், பேராதனையிலிருந்து.

கடைசி வரியில்
'கட' தெரிகிறது, 'கடந்தான்' தெரிகிறது.
நடுவில் உங்கள் நகம்.
கடல் கடந்தானா, கடன் கடந்தானா?
சீர் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது.
எதுகை இரண்டாம் எழுத்தோடு நின்றுவிடும்,
மூன்றாவதைப் பற்றி அதற்குக் கவலையில்லை.
வேறு பிரதி நானறிய எங்குமில்லை.
உங்களுக்கு ஏதும் ஞாபகம் உண்டோ?

இந்தப் பக்கத்தில் அது பெரிய வித்தியாசமில்லை ஐயா,
கொண்டுவிக்கப் போனவர்கள் கடலைக் கடந்ததே
கடன் கொடுக்கத்தான் என்று எழுதினேன்.
அழித்தேன்.
பாட்டில் வருகிறவன் யாரோ.
செட்டியாரும் இல்லை, இந்த ஊரும் இல்லை.
ஒருவேளை திருப்பிக் கொடுத்தவனாக இருக்கலாம்.
என் கடன் என்றால் உடனே சொல்லிவிடுவேன்:
தேவகோட்டை கூட்டுறவு வங்கி, இருபத்திரண்டு கிராம்,
பங்குனி பத்துக்குள் வட்டி.

படத்தை எட்டு மடங்கு பெரிதாக்கினேன்.
பாதி வளர்ந்துபோன மருதாணி,
கத்தி பட்ட பழைய வெட்டு,
நகக்கண்ணில் கரி.
வெளிச்சத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும்
என் விரல் வழிவிடவில்லை.

தூள் இருந்த உறையைத் தேடி எடுத்தேன்.
பதினொரு துண்டில் ஒன்பது வெறும் ஓரம்.
ஒன்றில் துளை.
கடைசித் துண்டில், அரிசி அளவுக்கு,
ஒரு சுழி.

லகரமும் னகரமும்
தொடங்கும்போது ஒரே சுழிதான்.
எழுத்தாணி மேலேறித் திரும்பும் இடத்தில்தான்
எது எதென்று பிரியும்.
திரும்பிய இடம் தூளில்.

அந்தச் சுழியைப் படமெடுத்து அனுப்பினேன்.
கோப்புக்கு என்ன பெயரிடுவதென்று தெரியாமல்
63, 17, பின், பிறகு
என்று கொடுத்தேன்.

நாலு நாள் கழித்துப் பதில்:
பார்த்தேன். நன்றி.
பாடத்தில் இடம் விட்டு வைக்கிறேன்,
ஒரு நகத்தின் அகலம்.

வைரவனிடம் நகவெட்டி வாங்கிக்கொண்டு
முற்றத்துப் பக்கம் போனேன்.
திரும்பி வந்து
கட்டு 141இன் கயிற்றை அவிழ்த்தேன்.